பாலைவன நகரம் ஒன்றில் மியூசியமும் பார்க்க வேண்டும், உள்ளூர்க்காரர்களே நடிக்கும் நாடகமும் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

தார் பாலைவனம் என்றதும் எல்லோரும் ஜெய்சல்மேருக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். நீங்கள் நாடகமும் கேட்பதால் நான் அதே ராஜஸ்தானில் இருக்கும் பிகானேரைச் சொல்வேன். அதுவும் ஹோலிக்கு முந்தைய வாரத்தில்.

பகலில் ஜூனாகட் கோட்டை. ராஜா ராய் சிங் காலத்தில், 1589 முதல் 1594 வரை கட்டியது. தங்கப்பூச்சு அறைகளைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள், பாதல் மகாலில் நில்லுங்கள். சுவர் முழுக்க நீல மேகங்கள் சுருள் சுருளாக, கீழே கோடு கோடாக மழை. வானம் பொய்க்கிற ஊர், சுவரிலாவது பெய்யட்டும் என்று வரையச் சொல்லியிருப்பார்கள் போல! அதே கோட்டைக்குள் முதல் உலகப் போர்க்கால டி.எச்.9 விமானமும் நிற்கிறது. 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்ட பிகானேர் மகாராஜா கங்கா சிங்குக்குப் போர் நினைவாக வந்தது.

கங்கா அரசு மியூசியத்துக்குப் போனால் பல்லு என்ற ஊரில் கிடைத்த சலவைக்கல் சரஸ்வதியைத் தேடிப் பாருங்கள். அவளுடைய ஜோடிச் சிலை டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, நாடகம். இங்கே அதற்கு ரம்மத் என்று பெயர். அரங்கம், நாற்காலி, டிக்கெட் எதுவும் கிடையாது. பழைய ஊரின் சௌக்குகளில், அதாவது தெருக்கள் கூடும் முற்றங்களில், 'பாட்டா' என்ற பெரிய மரப்பலகைகள் கிடக்கும்; மற்ற நாட்களில் ஆண்கள் அதில் உட்கார்ந்து நள்ளிரவு வரை ஊர்க்கதை பேசுவார்கள். ஹோலி சமயத்தில் சௌக்கே மேடையாகிவிடும். நகரா என்ற முரசு முழங்க, நம் தெருக்கூத்து மாதிரி விடிய விடியப் பாட்டிலேயே கதை நகரும். நடிப்பவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள். பெண் வேடமும் ஆண்களே. அப்பா போட்ட வேடத்தை மகன் போடுவதும் உண்டு.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அமர்சிங் ராத்தோர் ரம்மத்தைப் பாருங்கள். முகலாயப் பேரரசர் ஷாஜகானின் தர்பாரிலேயே சலாபத் கான் என்ற அதிகாரியைக் குத்திக் கொன்றவர் அவர்; பிகானேருக்குப் பக்கத்து நாகௌர்க்காரர். வேடிக்கை என்னவென்றால், 1644-ல் எல்லையில் காய்த்த ஒரு தர்பூசணிக்காக நாகௌரும் பிகானேரும் சண்டை போட்டதாகச் சொல்வார்கள். அந்த எதிரி ஊர்க்காரரைத்தான் இவர்கள் நாயகனாக்கி இரவெல்லாம் பாடுகிறார்கள்.

எந்த சௌக்கில் எந்த இரவு என்பதைத் தங்குமிடத்திலோ டீக்கடையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். பாலைவன இரவு குளிரும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். ஹோலி தேதி வருடா வருடம் மாறும், பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். மற்ற மாதங்களில் போனால் கோட்டை, மியூசியத்தோடு திரும்ப வேண்டியதுதான்.