எஸ்.டி.ஆர். குறையுமென்று வேலையை விடாதே தங்கச்சி

தங்கச்சி, நீ கேட்டது இதுதான்: பாலர்பள்ளியில் அரை நாள் உதவியாளராக வரச் சொல்கிறார்கள், மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்). "குடும்ப வருமானம் கூடினால் எஸ்.டி.ஆர். குறைந்துவிடும், வீட்டிலேயே இரு" என்கிறார் உன் மாமியார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலேசிய அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையைத்தான் சொல்கிறார். அரசாங்கம் காசு கொடுத்துக் கொடுத்துத்தான் இங்கே ஆட்கள் சோம்பேறியாகிறார்கள் என்று சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பேசுகிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருந்தாய்.

நானும் உன்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள்தான். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. 2012இல் பிரிம் என்ற பெயரில் வீட்டுக்கு 500 வெள்ளி கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்தே இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறி இப்போது எஸ்.டி.ஆர். ஆகியிருக்கிறது. நம் ஊரில் நூறு நாள் வேலையைப் பற்றியும் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றியும் இதே புகார்தானே?

முதலில் உன் கணக்கைப் பார்ப்போம். 2025 விதிப்படி, மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் இருந்தால் பிள்ளையில்லாத தம்பதிக்கு 1,000 வெள்ளி. 2,501 முதல் 5,000 வரை என்றால் 500. இது வருடத்துக்குத்தான், மாதத்துக்கு இல்லை. உன் வீட்டுக்காரர் 2,300 வாங்குகிறார் என்று சொல்லியிருந்தாய். உன் 800 சேர்ந்தால் 3,100. ஆக, 2,500 என்ற எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். வருடத்துக்கு 500 போகும், 9,600 வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் மாமியார் பயத்தை அப்படியே தள்ளிவிடாதே. கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. 2,480 வாங்குகிறவர் ஓவர்டைமில் மாதம் 30 வெள்ளி கூடச் சம்பாதித்தால் வருடத்துக்கு 360 கூடும். வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் அவருக்கு வரும் 2,500 பாதியாகி 1,250தான் கிடைக்கும். உழைத்து நஷ்டப்படுவதா என்று அவர் கேட்டால் அது சோம்பேறித்தனமா? கோட்டைத் தாண்டியதும் ஒரேயடியாகப் பாதியை வெட்டாமல், வருமானம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்தத் தயக்கமே வராது. விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

மற்றபடி, இந்தக் காசை நம்பி யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஐந்து பிள்ளை உள்ள வீட்டுக்கு வரும் 2,500 வெள்ளி, இப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700இல் ஒன்றரை மாதத்துக்குக்கூட எட்டாது. மைகார்ட் என்ற அடையாள அட்டையில் வரும் சாரா என்ற உதவியும் அரிசி, எண்ணெய் மாதிரி அடிப்படைப் பொருள் வாங்கத்தான், கையில் காசாக வராது. இளம்பிள்ளைகள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து வேலைக்கு வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று உன் வீட்டுக்காரரையே கேள். ஈப்போவில் அதைவிட நல்ல சம்பளம் கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். போகாமல் நிற்கிறவர்களை எது பிடித்து வைக்கிறது என்று பார்த்தால், நான் பார்த்தவரை எஸ்.டி.ஆர். இல்லை, தோட்டத்து வீடுதான். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வாடகைக்குப் பயந்து பிடிக்காத வேலையிலேயே வயதைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். பெண்களுக்கோ பஸ் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதையெல்லாம் பேசாமல் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஆறவே ஆறாது.

ஒழுங்காக யோசித்துச் செய்த திட்டமும் இருக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2018இல் தொடங்கிய வேலை காப்புறுதியில் (காப்பீட்டில்), ஆட்குறைப்பில் வேலை போனால் முதல் மாதம் காப்புறுதிக்கான சம்பளத்தில் 80 சதவீதம் கொடுத்தார்கள், அடுத்த மாதம் 50. அப்படியே குறைந்து ஆறாம் மாதம் 30. சீக்கிரமே வேறு வேலை கிடைத்துவிட்டால், மீதித் தொகையில் கால்பங்கை மொத்தமாகக் கொடுப்பார்கள். என் நாத்தனாரைத் தொழிற்சாலையில் நிறுத்தியபோது இரண்டாம் மாதமே வேறு இடத்தில் சேர்ந்தாள். அந்தக் கால்பங்கில் மகளுக்குப் பள்ளிச் செலவு முடிந்தது.

அப்புறம், எஸ்.டி.ஆர். மனு குடியுரிமை உள்ள உன் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும். நீ வேலைக்குப் போக ஆரம்பித்ததும் வருமானத்தை மறைக்காமல் சேர்த்து எழுதச் சொல். அதற்கு முன்னால், மனைவி என்ற முறையில் உனக்குக் கொடுத்த நீண்டகாலப் பாஸில் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும். பாலர்பள்ளியில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஈப்போ குடிநுழைவுத் துறைக்குப் போ. அனுமதி கைக்கு வந்த பிறகு வேலைக்குச் சேர்.