புயலுக்குப் பிறகு வீட்டு இன்ஷூரன்ஸ்: ஃபுளோரிடா வாசகர்கள் கேட்டவை

ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் வீட்டு இன்ஷூரன்ஸ் சம்பந்தமான ஐந்தை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். பதில்கள் ஃபுளோரிடா சட்டப்படி. டெக்சஸ், லூசியானா வாசகர்களுக்குக் கெடு நாட்கள் வேறு.

கேள்வி: 2024-ல் ஹெலீன் புயல் போன 13-ஆம் நாளே மில்டன் வந்தது. அப்படி ஒரே வருஷத்தில் இரண்டு முறை சேதமானால், ஹரிக்கேன் டிடக்டிபிளை (சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையை) இரண்டு தடவையும் முழுசாகக் கழிப்பார்களா? என் பாலிசியில் 2 சதவீதம் என்று போட்டிருக்கிறது. (வாசகி, டாம்பா)

பதில்: கழிக்கக் கூடாது. ஹரிக்கேன் டிடக்டிபிள் ஒரு காலண்டர் வருஷத்துக்கு ஒன்றுதான். இரண்டு புயலுக்கும் பாலிசி அதே கம்பெனியிலோ அதே குழுமத்திலோ இருந்திருக்க வேண்டும்.

அந்த 2 சதவீதத்தைப் பலர் சேதத் தொகையில் கணக்குப் போடுகிறார்கள். அது கட்டடத்துக்கு எடுத்திருக்கும் காப்புத் தொகையில் 2 சதவீதம். கட்டடம் 4 லட்சம் டாலருக்கு இன்ஷூர் ஆகியிருந்தால் டிடக்டிபிள் 8,000 டாலர். முதல் புயலில் 5,000 டாலர் சேதம் என்று வையுங்கள். கையில் ஒரு காசு வராது, ஆனால் 8,000-த்தில் 5,000 கழிந்துவிட்டது, மிச்சம் 3,000. இரண்டாவது புயலில் 20,000 டாலர் சேதம். இப்போது மிச்சமுள்ள 3,000, பாலிசியில் ஹரிக்கேன் அல்லாத சேதங்களுக்குப் போட்டிருக்கும் சாதாரண டிடக்டிபிள், இந்த இரண்டில் எது பெரிதோ அதைக் கழிக்கலாம். சாதாரண டிடக்டிபிள் 2,500 என்றால் 3,000-தான் கழியும், 17,000 உங்களுக்கு வர வேண்டும்.

கோட்டை விடுவது முதல் புயலில்தான். "டிடக்டிபிளுக்குள்ளேயே அடங்கிவிட்டது, சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்னச் சேதத்தையும் தெரிவிக்க வேண்டும், ரசீது வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனி பாலிசியில் நிபந்தனை போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனவே வேலி சரிசெய்த பில், ஷிங்கிள் (கூரை மேல் பதிக்கும் பட்டை) மாற்றிய பில், பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் டிசம்பர் 31 வரையாவது பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: கடல் தண்ணீர் ஹாலுக்குள் இரண்டடி நின்றது, ரூஃபிலும் ஓட்டை. வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஃபிளட் இன்ஷூரன்ஸும் தனியாக இருக்கிறது. இரண்டு கம்பெனியும் மற்றதைக் கைகாட்டுகின்றன. (வாசகர், ஃபோர்ட் மையர்ஸ்)

பதில்: இங்கே முழு வழக்கும் ஒரே விஷயம்தான்: எந்தத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது? தரையிலிருந்து ஏறிய தண்ணீர், கடல் பொங்கியது உட்பட, ஃபிளட் பாலிசியைச் சேர்ந்தது. காற்று ரூஃபைப் பிய்த்து, அந்தத் திறப்பு வழியாக மழை இறங்கினால் அது வீட்டுப் பாலிசி. காற்று எதையும் உடைக்காமல் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் சாரல் புகுந்திருந்தால், பெரும்பாலான வீட்டுப் பாலிசிகள் உட்புறச் சேதத்துக்குத் தர மாட்டா. ஆகவே ஓட்டையையும், அதற்கு நேர் கீழே சீலிங்கில் உள்ள கறையையும் சேர்த்துப் படமெடுங்கள்.

தண்ணீர் நின்ற கோடு சுவரில் சேறாகத் தெரியும். அதன் அருகே அளவுநாடாவைப் பிடித்து அறைக்கு அறை படம் எடுத்த பிறகுதான் சுவரைக் கழுவ வேண்டும். நனைந்த டிரைவாலை (ஜிப்சம் சுவர்ப்பலகையை) அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புபவர்) வரும்வரை வைத்திருந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதற்கான தொகைக்குப் பல பாலிசிகளில் குறைந்த வரம்பு உண்டு. வெட்டி எடுத்துவிடுங்கள், ஆனால் டிரைவால், கார்பெட், தரைப்பலகை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். ஃபிரிட்ஜ், வாஷர் போன்றவற்றைத் தெருவோரம் போடுமுன் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைப் படமெடுங்கள்.

ஃபிளட் பாலிசி மத்திய அரசுத் திட்டத்தினுடையது என்றால் (வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர், பொருட்களுக்கு 1 லட்சம்) மிகக் கண்டிப்பான ஒரு விதி உண்டு. 'புரூஃப் ஆஃப் லாஸ்' என்ற சத்தியப்பிரமாணப் படிவத்தை, கேட்கும் தொகையைக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, சேதமான நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரிய புயல்களுக்கு ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) சில சமயம் நீட்டிப்புத் தரும், ஆனால் அறிவிப்பைக் கண்ணால் பார்க்காமல் நம்பியிருக்க வேண்டாம். அட்ஜஸ்டர் வந்து அளந்துவிட்டுப் போனதே போதும் என்று நினைத்துத்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். வேறு இடத்தில் தங்கும் வாடகையை இந்தத் திட்டம் தருவதில்லை. மறுத்துக் கடிதம் வந்தால், அந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஃபீமாவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: அட்ஜஸ்டர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு 11,000 டாலர் என்கிறார். எங்கள் கான்ட்ராக்டர் 29,000 என்கிறார். வந்தவர் "இண்டிபெண்டன்ட்" அட்ஜஸ்டராம், அவர் சொன்னதுதான் முடிவா? (வாசகர், ஆர்லாண்டோ)

பதில்: இல்லை. "இண்டிபெண்டன்ட்" என்றால் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர், அவ்வளவுதான். அவருக்குக் கூலி தருவது கம்பெனியே.

அவர் தயாரித்த எஸ்டிமேட்டை 7 நாளுக்குள் உங்களுக்கு அனுப்பக் கம்பெனி கடமைப்பட்டது. வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். வந்ததும் மொத்தத் தொகையோடு மல்லுக்கட்டாமல், கான்ட்ராக்டரின் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். வழக்கமாக விடுபடுபவை: பழைய ரூஃபைப் பிரித்தெடுக்கும் கூலி, ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் அண்டர்லேமென்ட், ஓரத்துத் தகடு, குப்பை அள்ளும் செலவு, பெர்மிட் கட்டணம். தரை ஓட்டில் பாதி பெயர்ந்து, அதே ஓடு கடையில் கிடைக்காவிட்டால், ஒட்டியுள்ள பகுதியும் நியாயமான அளவுக்கு ஒரே தோற்றத்தில் அமைய வேண்டும் என்கிறது ஃபுளோரிடா சட்டம். இந்த விதியைத் தெரிந்து கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள்.

இன்னொன்று. வந்த 11,000 முழுத் தொகைதானா, தேய்மானம் கழித்த முதல் தவணையா என்று பாருங்கள். புதிதாக மாற்றும் செலவைத் தரும் பாலிசியிலும், முதலில் தேய்மானமும் டிடக்டிபிளும் போக மிச்சத்தைத் தந்துவிட்டு, வேலை நடக்க நடக்க மீதியைத் தரலாம். பில் அனுப்பாமல் இருந்தால் அந்த மீதி வராது.

விடுபட்ட வரிகளைப் படங்களோடு துணைக் கிளெய்மாக (கூடுதல் இழப்பீட்டுக் கோரிக்கையாக) அனுப்புங்கள். புதுக் கிளெய்முக்கும், மூடிய கிளெய்மை மறுபடி திறக்கவும் புயல் கரையேறிய நாளிலிருந்து 1 வருஷம், துணைக் கிளெய்முக்கு 18 மாதம். கம்பெனிக்கும் கெடு உண்டு: தகவல் கிடைத்த 7 நாளுக்குள் பதில், 60 நாளுக்குள் பணம் அல்லது மறுப்பு. தாமதித்தால் வட்டியும் தர வேண்டும். அதனால் போனில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றே ஈமெயிலில் எழுதி அனுப்பி, தேதியைப் பதிவாக்கிவிடுங்கள்.

அப்போதும் ஒத்துவராவிட்டால், மாநில ஃபைனான்ஷியல் சர்வீசஸ் துறையில் (1-877-693-5236) மத்தியஸ்தம் கேளுங்கள். அந்தச் செலவு கம்பெனியுடையது. வக்கீல் இல்லாமல் போய் அங்கே ஒப்புக்கொண்டுவிட்டாலும், செக்கை மாற்றாத வரை 3 வேலை நாளுக்குள் பின்வாங்கலாம். வக்கீலை வைப்பதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள்: வழக்கில் நீங்கள் ஜெயித்தால் கம்பெனியே வக்கீல் ஃபீஸ் தரும் என்றிருந்த பழைய ஏற்பாட்டை 2022 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பப்ளிக் அட்ஜஸ்டர் உங்கள் தரப்பில் வேலை செய்பவர். கவர்னர் நெருக்கடி நிலை அறிவித்த புயல் என்றால், முதல் வருஷக் கிளெய்ம்களில் அவர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

கேள்வி: புயல் ஓய்ந்த மறுநாளே ஒரு ரூஃபர் கதவைத் தட்டினார். "இதில் கையெழுத்துப் போடுங்கள், இன்ஷூரன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன், டிடக்டிபிளும் வேண்டாம்" என்றார். போடலாமா? (வாசகி, சாரசோட்டா)

பதில்: போடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட வீட்டுப் பாலிசிகளில் கிளெய்ம் உரிமையை கான்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுப்பது செல்லாது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது சட்டவிரோதம். அந்தப் பணத்தை எஸ்டிமேட்டில் எங்காவது ஏற்றித்தான் எடுப்பார்கள், அந்தக் கிளெய்மில் இருப்பது உங்கள் கையெழுத்து. தார்ப்பாய் போட மட்டும் தனி பில் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரப் பழுதுக்குப் பல பாலிசிகளில் 3,000 டாலர் அல்லது கட்டடக் காப்பில் 1 சதவீதம், இதில் பெரியதே வரம்பு. அதற்கு மேல் போகுமானால் கம்பெனியின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

கேள்வி: செக்கில் எங்கள் பெயரோடு மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வங்கியின் பெயரும் இருக்கிறது. ஹோட்டல் செலவுக்கான பணமும் இதே செக்கில் மாட்டிக்கொண்டது. (வாசகர், ஜாக்சன்வில்)

பதில்: கட்டடத்துக்கான தொகையில் வங்கியின் பெயர் வருவது வழக்கம்தான். பல வங்கிகள் அதைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு, வேலையைப் பார்வையிட்டுத் தவணை தவணையாக விடுவிக்கும். கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் போடுமுன் வங்கியில் இன்ஷூரன்ஸ் செக்குகளைக் கவனிக்கும் 'லாஸ் டிராஃப்ட்' பிரிவில் தவணை விவரத்தைக் கேட்டு, அதற்கேற்ப ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஆனால் வீட்டுப் பொருட்களுக்கும், வெளியே தங்கிய செலவுக்கும் உரிய தொகையை வங்கியின் கையெழுத்து இல்லாமல் உங்கள் பெயருக்கு மட்டுமே தர வேண்டும். ஃபுளோரிடா சட்டத்தில் 627.70121 என்ற பிரிவு இதையே சொல்கிறது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, செக்கைத் திருப்பி அனுப்பி, இரண்டு தனிச் செக்குகளாகக் கேளுங்கள். திருப்புமுன் செக்கின் இரு பக்கத்தையும் படமெடுத்து, டிராக்கிங் உள்ள தபாலில் அனுப்புங்கள்.