கேரேஜ் பங்க் இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

செந்தூலிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, கேரேஜ் பங்க் என்ற வேகமான, கரடுமுரடான ராக் இசை என்றாலே இரைச்சல்தானே? அதில் மெட்டு எங்கே இருக்கிறது?

தம்பி, இரைச்சல் கிட்டாரில்தான் இருக்கிறது. குரல் போகும் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அறுபதுகளின் பாப் பாடலைப் போல எளிமையாக இருக்கும். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழு 1978இல் வெளியிட்ட 'டீனேஜ் கிக்ஸ்' இரண்டரை நிமிடம்கூட ஓடாது. பிபிசி வானொலியின் ஜான் பீல் அதை ஒலிபரப்பிய கையோடு மறுபடியும் ஒலிக்கவிட்டார். பல்லவி காதில் ஒட்டாத பாட்டுக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்: ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டைப் பழைய பொருள் சந்தையில் வாங்கினேன். பேஸ் (தாழ்ந்த சுருதி கிட்டார்) கேட்கிறது, சாதாரண கிட்டார் கேட்கவே இல்லை. தட்டு பழுதா?

தட்டில் குறையில்லை, ஐயா. 1976இல் வெளியான அந்த ஆல்பத்தில் பேஸை இடப்பக்கத்திலும் கிட்டாரை வலப்பக்கத்திலும் பிரித்து வைத்து, டிரம்ஸையும் குரலையும் நடுவில் விட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் வலப்பக்கம் ஒலிக்கவில்லை என்று பொருள். ஆம்பிளிஃபயரில் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். இப்போது பேஸுக்குப் பதில் கிட்டார் கேட்டால், பழுது வலப்பக்க ஸ்பீக்கரில் இருக்கிறது. அதே ஸ்பீக்கர் ஊமையாகாமல் மௌனம் மறுபக்கம் போய்விட்டால், ஊசி பொருத்தியுள்ள கார்ட்ரிட்ஜின் பின்னால் சிவப்பு, பச்சை நிறக் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள், வலப்பக்கத்துக்குரியவை அவைதாம்.

சரியானபின் பேலன்ஸ் திருகை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் திருப்பிக் கேளுங்கள். ஏறத்தாழ 6,400 டாலர் செலவில் பதிவான 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம்; மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாததால்தான் மெட்டு அவ்வளவு தெளிவாக முன்னால் நிற்கிறது. நான் பல ஆண்டுகளாகக் கேட்டும் சலிக்காத தட்டு இது.

கெப்போங்கிலிருந்து ஒரு சகோதரி: அடுத்து எவற்றை வாங்கலாம்?

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1979இல் தொகுத்த 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தட்டை முதலில் வாங்குங்கள், சகோதரி; எட்டு சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள்) முதன்மைப் பாடல்கள் ஒரு பக்கத்திலும் அவற்றின் மறுபக்கப் பாடல்கள் மற்றப் பக்கத்திலும் இருக்கும். அதன்பின் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் குழு வெளியிட்ட 'கிட்டார் ரொமான்டிக்', 2003. அதே ஆண்டு ஜூலையில் வேன் விபத்தில் மூன்று உறுப்பினர்கள் இறந்துபோனார்கள். அந்தத் துள்ளலான பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும் தேடிப் பாருங்கள்.

செராஸிலிருந்து: இப்படி இனிய மெட்டும் அழுத்தமான கிட்டாரும் சேர்ந்த இசைக்கு பவர் பாப் என்ற பெயர் யார் வைத்தது?

தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தம் இசையை அப்படிக் குறிப்பிட்டார்.

செத்தாப்பாக்கிலிருந்து: நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கிறதே?

முதலில் வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கும் கலந்து, நடுவிலுள்ள காகித லேபிளில் படாமல், வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டு, தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். அதே அலமாரியில் தாத்தா காலத்து நிமிடத்துக்கு 78 முறை சுழலும் கிராமஃபோன் தட்டுகள் இருந்தால், அவற்றில் இந்தக் கலவை ஒரு துளிகூடப் படக்கூடாது. அவை செய்யப்பட்ட ஷெல்லாக் என்ற அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும்.