ஜெர்மனில படிப்பு ஃப்ரீன்னா, வீட்ல எவ்ளோ பணம் ரெடி பண்ணணும்?

ஃபீஸ் இல்லங்கறது பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிக்கு உண்மைதாங்க. ஆனா ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கற பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டு பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, அத பாத்து அப்ளை பண்ணுங்க.

நிஜமான பாரம் பிளாக்டு அக்கவுண்ட் தான். விசாவுக்கு ஒரு வருஷ செலவு 11,904 யூரோவ முன்னாடியே போட்டுக் காட்டணும், நம்ம பணம்தான் ஆனா அங்க போனதும் மாசம் 992 தான் கைக்கு வரும், அதுவும் அங்க ஒரு பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சு குடுத்தப்புறம்தான். எனக்கு அது வர மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள ரூம் டெபாசிட் கேட்டாங்க, அம்மா துணிக்கு நடுவுல மடிச்சு வச்சு அனுப்பின யூரோ நோட்டுதான் அன்னிக்கு காப்பாத்துச்சு. அதனால டெபாசிட், முதல் மாச வாடகை, சாப்பாட்டுக்குன்னு தனியா எடுத்து வைங்க, ப்ளீஸ்.

அப்புறம் ஏபிஎஸ் சர்டிபிகேட், அதாவது நம்ம மார்க் ஷீட், டிகிரி எல்லாம் நிஜம்தான்னு சரிபாத்து குடுக்கற பேப்பர். 2022 நவம்பர்ல இருந்து இந்தியால படிச்சவங்களுக்கு இது கட்டாயம். ஃபைனல் இயர்லயே போடலாம், டிகிரி கைக்கு வரட்டும்னு உக்காந்துடாதீங்க. பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் செய்யலாம், ஆனா முதல் செமஸ்டர் செலவ அத நம்பி கணக்கு போடாதீங்க.