யாருடைய அழுக்குத் துணி?

அன்புள்ள அக்காவுக்கு,

தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கன்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. இரண்டு பிள்ளைகள். நெடுநாளாக நின்றுபோயிருந்த சம்பள நிலுவை 46,000 ரூபாய் சென்ற வாரம் மொத்தமாகக் கைக்கு வந்தது. பதினைந்து வயதிலிருந்து கேரம் ஆடுகிறேன். போட்டிகளில் வைக்கும் தரத்தில் ஒரு போர்டு, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் சேர்த்து 17,000 ஆகும் என்கிறார்கள். என் மனைவிக்கு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று ஆசை. மச்சான் தங்கக் காசு வாங்கிப் போடச் சொல்கிறார். நாற்பது வயதில் விளையாட்டுக்குப் பணம் போடுவது சுயநலமா? ஆசை முக்கியமா, அவசியம் முக்கியமா? நம்மைப் போன்றவர்களுக்குப் பொழுதுபோக்கே ஆடம்பரம்தானா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் நினைவுநாள் முடிந்து நான்காம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அவளுடைய விரல்களையே நினைத்துக்கொண்டிருந்த நேரம். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். வட்டிக்கு வாங்கிய கடனோ அடகில் நகையோ இருந்தால் இந்தப் பணத்தில் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தங்கக் காசு பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. மச்சானிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்கே ஆடம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் இருந்துகொண்டு, அதுவும் கேரம் ஆடிக்கொண்டு, இதைக் கேட்கலாமா? 1996இல் கேரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்கள் வீட்டில் எல்லா அவசியங்களும் தீர்ந்த பிறகா பலகையில் பவுடர் தூவினார்கள்? நாற்பது வயதாகிவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். கேரத்துக்கு வேண்டியது விரலும் கண்ணும். போர்டு வாங்குங்கள். அது சுயநலம் இல்லை.

இனி என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன்.

“என் மனைவிக்கு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று ஆசை.”

தம்பி, உங்கள் வீட்டில் நான்கு பேர். யார்டிலிருந்து கிரீசும் தூசியுமாக வருகிற உங்கள் சட்டை, இரண்டு பிள்ளைகளின் சீருடை, போர்வை, தலையணை உறை எல்லாம் சேர்ந்ததுதான் துணி மூட்டை. அதைத் துவைக்க ஓர் இயந்திரம் வேண்டுமென்றால் அது அந்த நான்கு பேருடைய தேவை. அவர் ஒருவருடைய ஆசையாக அது எப்போது மாறியது? துவைப்பவர் அவர் என்பதால் அழுக்கும் அவருடையதாகிவிடுமா? நீங்கள் போட்டிருக்கும் கணக்கைத் திரும்பப் பாருங்கள். விளையாட்டு உங்கள் பெயரில் இருக்கிறது. குடும்பத்தின் அழுக்குத் துணி அவர் பெயரில் இருக்கிறது. இந்த இரண்டையும் தராசில் வைத்து, எது கனம் என்று என்னிடம் கேட்கிறீர்கள். போர்டை விட்டுக்கொடுத்தால் நீங்கள் தியாகி. வாங்கினால் பாவம், அவருடைய ஆசையைத் தள்ளிப்போட்டவர். எப்படிப் பார்த்தாலும் கதை உங்களைச் சுற்றியே நடக்கிறது. கடிதத்தில் அவரைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான். அவர் வேலைக்குப் போகிறாரா, படித்தவரா, பதினைந்து வயதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எதுவும் இல்லை. உங்களுடைய பதினைந்து வயது மட்டும் இருக்கிறது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வரியை நான் சிறுமியாகவே கேட்டிருக்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி. ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு. அவருக்கும் ஒருமுறை நிலுவைத் தொகை வந்தது. தேக்குச் சட்டம் போட்ட கேரம் போர்டு ஒன்றை ரிக்‌ஷாவில் வைத்து, சாய்ந்துவிடாமல் கையால் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். மறுநாள் ஒரு குக்கர் வாங்கி வந்து அம்மாவின் முன் வைத்தார். “இது உனக்கு.” அதில் வெந்த சோற்றை ஐந்து பேர் சாப்பிட்டோம். அப்பா கெட்டவர் இல்லை. ஒரு நாள்கூட அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. அந்தக் குக்கரை அன்போடுதான் வாங்கி வந்தார். அதனால்தான் அம்மாவால் எதுவும் சொல்ல முடியாமல் போனது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். ஐஸில் கிடக்கும் இறாலைத் தலை கிள்ளி, ஓடு நீக்கி, குடலை உருவிப் போட வேண்டும். கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் திரும்பும்போது விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, ஆங்காங்கே வெடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கையால்தான் சுவரில் சாய்த்திருந்த போர்டைத் துணியால் துடைப்பாள். துடைப்பதோடு சரி.

1987 கோடை. எங்கள் தெரு அடிபம்பில் நள்ளிரவுக்கு மேல்தான் தண்ணீர் வரும். அம்மா இரண்டு குடம், நான் ஒரு சின்னக் குடம் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். பம்புக்குப் பக்கத்தில் மன்றத்துப் பையன்கள் ஒரு டிரம்மின் மேல் போர்டு வைத்து, மேலே தகர மூடி போட்ட பல்பைத் தொங்கவிட்டு விடிய விடிய ஆடுவார்கள். அன்று ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா போர்டின் பக்கத்தில் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்தாள். முதல் அடி பிசகியது, ஸ்டிரைக்கர் மட்டும் போய்ச் சட்டத்தில் மோதி நின்றது. விரலை ஒருமுறை உதறினாள். அடுத்த அடியில், நம் பக்கத்துச் சட்டத்தை ஒட்டிக் கிடந்த ஒரு வெள்ளை, எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பி வந்த ஸ்டிரைக்கரின் தட்டலில் மெல்ல நகர்ந்து பாக்கெட்டில் விழுந்தது. அதற்கடுத்து ரெட். அதற்கு ஃபாலோவாக இன்னொரு காய். மூன்று காய்களும் சத்தமில்லாமல் போயின. அந்த வெடித்த விரலால் எப்படி அடித்தாள், வலிக்கவில்லையா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்று அவள் முகத்தில் வலி இல்லை. எங்கள் யாருக்கும் அவள் காட்டாத ஒரு முகம் அது. அந்த நேரத்தில் அவள் யாருக்கும் அம்மா இல்லை.

பிறகு பாக்கெட்டுக்குள் கைவிட்டுக் காய்களை எடுத்தாள். ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வெள்ளை சட்டத்தை ஒட்டி, ரெட் நடுவிலிருந்து சற்று விலகி. பையன்கள் வந்து பார்த்தபோது ஆட்டம் அவர்கள் விட்ட இடத்திலேயே இருந்தது. விரலில் ஒட்டிய பவுடரை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வீட்டில் சொல்லாதே” என்றாள்.

எங்கே கற்றாய் என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு, அவள் அண்ணன்கள் வெளியே போயிருக்கும்போது தனியாக ஆடிப் பழகியதாம். இரண்டு பக்கமும் அவளே உட்கார்ந்து, அவளுக்கு எதிராக அவளே ஆடியிருக்கிறாள்.

நானும் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டதால் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்கும் அது ஏதோ தப்பான காரியமாகத்தான் தெரிந்தது. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை மாட்டிக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்புவார். “வீட்டில் போர்டு இருந்து என்ன, ஆட ஆளில்லையே” என்று அலுத்துக்கொள்வார். அம்மா குக்கரில் அரிசி போட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் கேட்டது 46,000 ரூபாயைப் பற்றி. வாஷிங் மெஷினை முதலில் வாங்குங்கள். குடும்பச் செலவில் எழுதுங்கள், அவருக்குச் செய்ததாக ஒருபோதும் சொல்லிக்காட்டாதீர்கள். தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் வீடாக இருந்தால் செமி ஆட்டோமேட்டிக் போதும், வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். முழு ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு வர வேண்டும். வாங்கிய பிறகு அதில் துணி போடவும் எடுத்து உலர்த்தவும் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

போர்டுக்கு 17,000 வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதே 17,000 அவர் பெயரிலும் இருக்கட்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து கேளுங்கள். முதல்முறை கேட்டால் மிக்ஸி என்பார். இரண்டாம்முறை பெரியவனுக்கு டியூஷன் என்பார். விடாதீர்கள். இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்விக்கு ஒரே ராத்திரியில் பதில் வராது. ஒரு மாதம் ஆகட்டும், அந்தப் பணம் காத்திருக்கட்டும். அதுவரை உங்கள் போர்டும் காத்திருக்கலாம்.

அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள். போர்டு என்ன விலைக்குக் கிடைத்தது என்பதை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா