மலிவான இன்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கேன், இரண்டிலும் 5டபிள்யூ-30. ஒன்றின் விலை மற்றதில் பாதிதான். மலிவானதை ஊற்றினால் இன்ஜின் கெட்டுப்போகுமா?

பதில்: கிரேடும் தரக் குறியீடும் உங்கள் காரின் கையேட்டோடு ஒத்துப்போனால் கெடாது. கேனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். 5டபிள்யூ-30 என்பது கிரேடு; ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் சொல்லும். தரத்தைச் சொல்பவை ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்பி, ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த சி3 போன்ற குறியீடுகள். பெட்ரோல் இன்ஜினுக்கான ஏபிஐ வரிசையில் எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல், எஸ்கியூ 2025-இல். கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம். எஸ்பி கேட்கும் இன்ஜினுக்கு எஸ்என் கூடாது. அடிமட்ட விலைக்குக் கிடைக்கும் சில கேன்களில் எஸ்எஃப் என்று இருக்கும். 1988-க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கு அது ஆகாது. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: "எஸ்பி தரத்துக்கு ஈடானது" என்று அச்சடித்திருந்தால், அது தயாரிப்பாளர் தாமாகச் சொல்லிக்கொள்வது. ஏபிஐ-யின் வட்ட முத்திரை இருந்தால் அது உரிமம் பெற்ற ஆயில். பெயர் தெரியாத கம்பெனி என்றாலும் அந்த முத்திரை இருந்தால் நம்பலாம்.

கேள்வி: கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. 20டபிள்யூ-50 மிகவும் மலிவு. கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே?

பதில்: இல்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் சூடான இன்ஜினில் ஆயிலின் கெட்டியைச் சொல்வது. 100 டிகிரி சூட்டில் 20 கிரேடு ஆயிலின் பாகுநிலை (கெட்டியின் அளவு) 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 50 கிரேடு 16.3-க்குக் குறையாது. அதாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நிலைமை இன்னும் மோசம். மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் ஏறத் தாமதமாகும், அந்த நேரத்தில்தான் தேய்மானம். வால்வு டைமிங்கை மாற்றும் பாகங்கள் மெல்லிய துளைகள் வழியே வரும் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்பவை. கெட்டி ஆயிலில் அவை மந்தமாகிவிடும். மைலேஜும் குறையும். கையேடு 5டபிள்யூ-30-ஐயும் அனுமதித்திருந்தால் அதில் மலிவானதைத் தேடுங்கள்.

கேள்வி: டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் கார். இதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: குறியீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். கையேடு ஏசிஇஏ சி2 அல்லது சி3 கேட்டால் அதேதான் வேண்டும். டிபிஎஃப்பில் சேரும் கரியைச் சூட்டில் எரித்துவிடலாம். ஆயில் எரிவதால் வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கி அடைக்கும். சி வகை ஆயில்கள் சாம்பல் குறைவாக வரும்படி தயாரிக்கப்பட்டவை. ஒரு டிபிஎஃப் மாற்றும் செலவில் பல வருடத்துக்கு ஆயில் வாங்கலாம். ஒரு லிட்டர் கேன்களுக்குப் பதில் பெரிய கேனாக வாங்கி மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. மட்டமான ஆயிலா?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. டீசலில் அன்றைக்கே கறுக்கும். அழுக்கைத் தன்னில் ஏந்திக்கொள்வது ஆயிலின் வேலை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோதான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆயிலோடு கலக்கும் சின்ன பாட்டில் ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவையில்லை. சேர்க்க வேண்டிய மருந்தெல்லாம் ஆயிலிலேயே அளவாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல பில்டர் வாங்குங்கள்.

கேள்வி: நானே மாற்றப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கையேட்டில் 3.5 லிட்டர் என்றிருந்தால் முதலில் 3 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் இன்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், அழுத்தம் விழும்.

பில்டரைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் புதிய பில்டரை முடுக்கினால், அழுத்தம் ஏறியதும் இரண்டு வளையங்களுக்கும் நடுவே ஆயில் பீய்ச்சியடித்து, சில நிமிடங்களில் இன்ஜின் காலியாகிவிடும்.