சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தொல்லை: மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்த பைக். அதனால் பகுதி முழுவதையும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கே ஒதுக்கிவிட்டோம். சோக் என்பது ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி.

கேள்வி: எஸ்டேட் ஷெட்டில் எட்டு மாதம் நின்ற ஸ்ப்ளெண்டர், 2012 மாடல். பெட்ரோல் ஊற்றி, பிளக் மாற்றியாச்சுங்க. சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை விட்டதும் நின்றுவிடுகிறது. முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது. மெயின் ஜெட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
– நாகலூர் வாசகர்

பதில்: மெயின் ஜெட்டைத் தொட வேண்டாம். ஜெட் என்பது பெட்ரோல் போகும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. நன்றாக முறுக்கும்போது பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட். முறுக்கினால் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அடைத்திருப்பது ஸ்லோ ஜெட். ஐட்லிங்குக்கும் (முறுக்காமல் நின்றபடி ஓடுவதற்கும்) முதல் கால் முறுக்குக்கும் பெட்ரோல் கொடுப்பது அதுதான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது மிஞ்சுகிற பிசின் துளி போதும், மூடிக்கொள்ளும்.

போதாததற்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். உங்கள் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் எட்டு மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பழைய பெட்ரோலை வடித்தீர்களா என்று எழுதவில்லை. வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டேங்க்கில் துரு இருக்க, கார்புரேட்டரை மட்டும் கழுவி மாட்டினால் பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் நிற்பீர்கள். பெட்ரோல் டியூபைக் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். டீ நிறமும் வார்னிஷ் வாடையும் வந்தால் கெட்டுப்போன பெட்ரோல். இரண்டில் எது இருந்தாலும் மொத்தமும் வெளியே. நல்ல பெட்ரோலைக் கலந்து ஒப்பேற்ற வேண்டாம். பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வலையையும் கழுவுங்கள்.

இனி கார்புரேட்டர். ஐட்லிங் கலவை ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன், அது முழுக்க உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் முனை கெட்டுவிடும். கிண்ணத்தைக் கழற்றி, ஸ்லோ ஜெட்டை அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் எடுங்கள். பித்தளை என்பதால் வெட்டு சிதைந்தால் எடுப்பது பெரும்பாடு. கிளீனர் ஸ்ப்ரே அடித்து 20 நிமிடம் விடுங்கள். ரப்பர் வளையங்களை முன்பே கழற்றிவிட வேண்டும், ஸ்ப்ரே பட்டால் உப்பிவிடும்.

துளையைக் குத்த ஊசியோ ஸ்டீல் கம்பியோ கூடவே கூடாது. துளை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போய்விடும், பிறகு எந்த டியூனிங்கும் உதவாது. எலெக்ட்ரிக் ஒயரைச் சீவினால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். அதில் ஒரே ஓர் இழை போதும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். பக்கவாட்டில் உள்ள பொடித் துளைகளையும் பாருங்கள், பலரும் மறப்பது அதைத்தான்.

ஜெட்டைவிட அது உட்காரும் வழி முக்கியம். ஜெட் இருந்த குழிக்குள் ஸ்ப்ரே அடித்தால், காற்றுக் குழாயில் இன்ஜின் பக்கமுள்ள சிறு துளைகளில் பீறிட வேண்டும். வரவில்லையென்றால் பஞ்சர் கடையில் காற்று அடித்து வாங்குங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் கழற்றாமல் காற்று அடிக்க வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகும் சோக் கேட்டால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்று இழுக்கிறது. ஓடும்போது அந்த இணைப்பில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தம் மாறினால் ஓ ரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் சர்வீஸ் செய்து மாட்டியதும் அடி டியூபில் பெட்ரோல் ஒழுகுகிறது. தட்டினால் நிற்கிறது, மறுநாள் மறுபடியும் ஒழுகுகிறது.
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: தட்டினால் நிற்பது, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை மூடும் ஊசியான ஃப்ளோட் நீடில் சரியாக உட்காராததால். நீடிலின் கூம்பு முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளையம் மாதிரிப் பள்ளம் தட்டினால் புதிது போடுங்கள். முனை வழவழப்பாக இருந்தால் அது உட்காரும் இடத்தைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'களக்' என்றால் ஓட்டை. பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது.

இதைவிட முக்கியம், இன்ஜின் ஆயில். வெளியே ஒழுகிய பெட்ரோல் இன்ஜினுக்குள்ளும் போயிருக்கலாம். டிப்ஸ்டிக்கில் மட்டம் கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிக்கர் கல்லாக நின்றால் ஏறி மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக மிதியுங்கள், சிலிண்டரில் தேங்கியது வெளியே வரும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100. சேலத்தில் அருமையாக ஓடுகிறது. ஏற்காடு ஏறினால் பாதி வளைவுக்கு மேல் தடுமாறுகிறது, பிளக் கறுப்பாகிறது.
– கன்னங்குறிச்சி வாசகர்

பதில்: வண்டியில் கோளாறு இல்லை, காற்றில்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் மிகுந்து, பிளக் கறுக்கும்.

மேலேயே தங்கி ஓட்டுபவர் ஜெட் நீடிலின் (முறுக்கும்போது மேலே எழும் ஊசி, ஃப்ளோட் நீடில் அல்ல) கிளிப்பை ஒரு படி மேலே மாட்டலாம். நீடில் இறங்கி பெட்ரோல் குறையும். உங்களைப் போல ஏறி இறங்குபவர் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பினால் போதும். இந்த வண்டியில் வெளியே திருப்பினால் காற்று கூடி, கலவையில் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ உள்ள நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது நேர் எதிர்.

மெயின் ஜெட்டை மட்டும் சிறிதாக்காதீர்கள். அதே ஜெட்டோடு சேலம் வந்து வெயிலில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். இறங்கும்போதும் ஒரு கவனம்: இருபது கொண்டை ஊசியையும் ஆக்ஸிலேட்டரை மூடியபடியே கியரில் இறங்கினால் இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் போதாது. அவ்வப்போது லேசாக முறுக்கிவிடுங்கள்.

கேள்வி: பிசின் கரைய டேங்க்கில் மண்ணெண்ணெய் கலக்கலாமா?
– ஓமலூர் வாசகர்

பதில்: கூடாது. பிசின் கரையாது, புகையும் கரியும்தான் மிச்சம்.

கேள்வி: நான்கு மாதம் வெளியூர் போகிறேன். பைக்கை எப்படி வைப்பது?
– ஏற்காடு வாசகி

பதில்: காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அதோடு முடிந்துவிடாது. ஜெட்டுக்குக் கீழே கொஞ்சம் பெட்ரோல் நிற்கும், கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து அதையும் வடித்துவிடுங்கள். இரண்டு மாதம் என்றால் டேங்க்கை நிரப்பி வைக்கச் சொல்லியிருப்போம். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரம் படியாது. நான்கு மாதத்துக்கு வடித்துவிடுவதே நல்லது. உள்ளே கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு முறை கிக்கரை மிதியுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யும்படி யாரிடமும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சூடேறுவதற்குள் நிறுத்துவதால் சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தைச் சிறைபிடிக்கும், பழைய பருத்திப் போர்வை போதும். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அதை நினைவூட்ட ஹேண்டில்பாரில் ஒரு சீட்டு கட்டுங்கள். அடைக்காவிட்டால் குளவி மண் கூடு கட்டிவிடும். துணியை மறந்து கிக்கரை மிதிப்பவர்களும் உண்டு.